மாட்டு மூளையைச் சுமந்த மேதை

நாய்க்கு நோய் வந்தால் என்ன செய்யும்? மூலையில் சுருண்டு படுக்கும். தட்டில் வைத்த சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எங்கே வலிக்கிறது என்று சொல்ல அதற்கு வாய் இல்லை.

அந்த வாயில்லா ஜீவனின் உடம்புக்குள் எட்டிப் பார்க்க, இன்று மிருக வைத்தியர்களிடம் ஒரு கருவி இருக்கிறது. அதுதான் சி.டி. ஸ்கேன். அதைக் கண்டுபிடித்தவர் காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு.

இங்கிலாந்தில் நெவார்க் என்ற ஊரில் 1919-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை விவசாயி. 5 குழந்தைகளில் இவர் கடைக்குட்டி. தானே செய்த பறக்கும் கருவியுடன் வைக்கோற்போர் மீதிருந்து குதிப்பது சிறுவனின் பொழுதுபோக்கு! கணக்கும் பௌதிகமும் தவிர மற்றப் பாடங்கள் அவருக்கு வேப்பங்காய்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது விமானப் படையில் சேர்ந்து ராடார் வேலை கற்றார். பிறகு லண்டனில் என்ஜினீயரிங் டிப்ளமா பெற்றார். சர்வகலாசாலைப் பட்டம் எதுவும் பெறவில்லை. இசைத்தட்டுகளுக்குப் பெயர்போன இ.எம்.ஐ. கம்பெனியில் வேலைக்கு அமர்ந்தார்.

1967-ல் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. மூடிய பெட்டியைத் திறக்காமலே, பல பக்கங்களிலிருந்தும் அளந்து, உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க முடியாதா?

சாதாரண எக்ஸ்ரே படத்தில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். மண்டை ஓட்டுக்குள் இருக்கும் மூளை தெரியாது. கதிரைப் பல கோணங்களில் செலுத்தி, அளவுகளைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால்? வாழைத்தண்டை வில்லை வில்லையாக அரிந்து பார்ப்பதுபோல் உடம்பைப் பார்க்கலாம்!

பழைய லேத் இயந்திரம் ஒன்றின் மீது முதல் கருவியை அமைத்தார். ஒரு படத்துக்கு 28,000 அளவுகள். அவற்றை எடுக்க 9 நாட்கள். கணக்குப் போடக் கம்ப்யூட்டருக்கு 2½ மணி நேரம்!

சோதனைக்கு மூளை வேண்டுமே! மருந்தில் ஊறிய மனித மூளையின் படத்தை முழுதும் நம்ப முடியவில்லை. எனவே புதிதாக அறுத்த மாட்டின் மூளையை வாங்கினார். அதைச் சுமந்துகொண்டு, பொதுமக்கள் செல்லும் வண்டிகளிலேயே லண்டன் நகரைக் கடந்து போனார். பொட்டலத்தில் இருப்பது என்னவென்று பக்கத்தில் இருந்தவர்கள் அறிந்திருந்தால்!

1971 அக்டோபர் 1-ந் தேதி, லண்டன் அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில், மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்மணியைப் படம் எடுத்தார்கள். கட்டி தெளிவாகத் தெரிந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர், படத்தில் கண்டதையே மண்டைக்குள்ளும் கண்டார்.

1979-ல் ஹவுன்ஸ்பீல்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதே துறையில் தனியாகக் கணிதம் வகுத்த ஆலன் கார்மாக் அதில் பாதியைப் பெற்றார். 1981-ல் ‘சர்’ பட்டமும் வந்தது. கலியாணமே செய்துகொள்ளாத இந்த மேதை, 2004 ஆகஸ்டு 12-ந் தேதி காலமானார்.

இன்று நாயையும் பூனையையும் மயக்க மருந்து கொடுத்து, அசையாமல் படுக்க வைத்துப் படம் எடுக்கிறார்கள். மூக்கினுள் வளரும் புற்று, காதின் உட்புறச் சீழ், நுரையீரலில் பரவிய சிறு கட்டி எல்லாம் தெரிகின்றன. எங்கே கத்தி வைப்பது, வைக்கலாமா கூடாதா என்று முன்கூட்டியே முடிவு செய்ய முடிகிறது.

மனிதனுக்காக அந்தக் கருவியைப் பழக்க உதவியது ஒரு மாட்டின் மூளை. இன்று அதே கருவி, வாயில்லா ஜீவன்களுக்கு அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்திக்கொண்டிருக்கிறது.