நிறத்தின் காரணத்தைத் தேடியவர்: சேர் சி.வி.இராமன்

மாணவர்களே, அக்கரைப்பற்றுக் கடற்கரையில் நின்று பார்த்தால் கடல் நீலமாகத் தெரியும். அதே நீரைக் கையில் அள்ளினால் நிறமில்லை. இதற்கு விடை தேடிய விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கையை இங்கு கற்போம்.

இளமையும் தொழிலும்

சந்திரசேகர வெங்கட இராமன் 1888 நவம்பர் 7 ஆம் திகதி திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904 இல் இளமாணிப் பட்டமும் 1907 இல் முதுமாணிப் பட்டமும் பெற்றார். அதே ஆண்டில் கல்கத்தாவில் நிதித் திணைக்கள உத்தியோகத்தில் சேர்ந்தார். எனினும் அலுவலகத்திற்கு முன்னும் பின்னும் ஆய்வுகூடத்தில் உழைத்தார். 1917 இல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி கிடைத்தபோது, சம்பளம் குறைவாயினும் அரச உத்தியோகத்தைத் துறந்து அதனை ஏற்றார். இது எளிதான முடிவன்று என்பதைக் கவனியுங்கள்.

கண்டுபிடிப்பு

வானத்தின் நீலம் நீரில் தெறிப்பதே கடலின் நீலம் என ரெய்லி பிரபு கருதினார். 1921 இல் கப்பற் பயணத்தின்போது இராமன் நிக்கோல் அரியத்தால் அத்தெறிப்பொளியைத் தடுத்துப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என அவர் விளக்கினார். தொடர்ந்து மாணவர் கே.எஸ்.கிருஷ்ணனுடன் ஆராய்ந்து, சிதறும் ஒளியில் சிறு பகுதியின் அலைநீளம் மாறுவதை 1928 பெப்ரவரி 28 இல் கண்டறிந்தார். இதுவே இராமன் விளைவு. 1930 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு இவருக்குக் கிடைத்தது.

பூச்சிகளும் ஒளியும்

1933 இல் பெங்களூர் சென்ற இராமன், சிப்பி, பறவை இறகு ஆகியவற்றின் நிறங்களையும் ஆராய்ந்தார். 1948 இல் தொடங்கிய தமது ஆய்வு நிலையத்தில் வண்ணத்துப்பூச்சிகளையும் வண்டுகளையும் சேகரித்து வைத்தார். ஏன்? சில பூச்சிகளின் நிறம் சாயத்தால் வருவதன்று. தென்னமெரிக்காவின் மோர்போ வண்ணத்துப்பூச்சியின் சிறகுச் செதில்களில் மிக நுண்ணிய அடுக்குகள் உள்ளன. அவற்றில் தெறிக்கும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீலத்தை மட்டும் வலுப்படுத்துகின்றன. சிறகில் மதுசாரம் பட்டால் நீலம் பச்சையாகும். உலர்ந்ததும் மீண்டும் நீலமாகும். பொன்வண்டின் மினுக்கமும் இவ்வகையானதே.

இத்தகைய ஆராய்ச்சி இன்று தொழினுட்பத்திற்கு உதவுகிறது. அந்துப்பூச்சியின் கண்ணில் ஒளியின் அலைநீளத்திலும் சிறிய முனைப்புகள் உள்ளன. அதனால் ஒளி தெறிக்காமல் உள்ளே செல்கிறது. இருளிலும் அதற்குப் பார்வை கிடைக்கிறது. இதனைப் பின்பற்றித் திரைகளுக்கும் சூரியக் கலங்களுக்கும் தெறிப்பைக் குறைக்கும் மேற்பரப்புகள் ஆக்கப்படுகின்றன. இவை இராமனின் கண்டுபிடிப்புகள் அல்ல; ஆனால் இயற்கையின் நிறத்திற்குக் காரணம் கேட்கும் அவரது வழியிலேயே பிறந்தவை.

1970 நவம்பர் 21 இல் இராமன் காலமானார். இந்தியாவில் பெப்ரவரி 28 தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகிறது. அவருக்குக் கடலில் கிடைத்த வினா உங்கள் வீட்டு முற்றத்து வண்டிலும் கிடைக்கலாம். பார்த்ததும் காரணம் கேளுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. கடலின் நீலம் வானத்தின் தெறிப்பு மட்டுமன்று என்பதை இராமன் எவ்வாறு அறிந்தார்?
2. சாயத்தால் வரும் நிறத்திற்கும் மோர்போவின் நிறத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தருக.
3. அந்துப்பூச்சியின் கண் சூரியக் கலத்திற்கு எவ்வாறு வழிகாட்டியது?