கம்பிக்குள் கம்பி வைத்தவர்

நம் தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உருவான அனுசாட் செயற்கைக்கோள், 20-4-2009 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டதை நாம் அறிவோம். இத்தகைய சிறு கோள்கள் அடிவானில் தோன்றி மறையப் பத்துப் பதினைந்து நிமிடங்களே ஆகும். அதற்குள் ஆண்டெனாவும் அவற்றைப் பின்தொடர்ந்து சுழல வேண்டும். அது பிடித்த மெல்லிய சமிக்ஞையைக் கீழே கொண்டுவருவது கோஆக்சியல் கேபிள். அதற்கு வித்திட்டவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஆலிவர் ஹெவிசைடு 1850 மே 18-இல் லண்டனில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் கண்ட ஸ்கார்லட் காய்ச்சல் அவரது செவித்திறனைக் குறைத்தது. 16 வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. தந்தி நிலையத்தில் பணியாற்றினார். 1874-இல் அதையும் விட்டு, பெற்றோர் வீட்டு அறையில் அமர்ந்து தாமே உயர்கணிதம் பயின்றார். மாக்ஸ்வெல்லின் இருபது சமன்பாடுகளை நான்காகச் சுருக்கியவர் இவரே.

அந்நாளில் ஒரு தொலைபேசிக் கம்பியில் செல்லும் பேச்சு அடுத்த கம்பியிலும் கேட்டது. குழாய் போன்ற ஒரு கடத்தியின் நடுவே மற்றொரு கம்பியை வைத்தால் இத்தொல்லை நீங்கும் எனக் கண்டு, 1880-இல் காப்புரிமை பெற்றார். உலகம் அதன் முழுப் பயனை உணர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. நெடுந்தொலைவுப் பேச்சைத் தெளிவாக்க 1887-இல் அவர் கூறிய வழியையும் அஞ்சல் துறைப் பொறியாளர் பிரீஸ் ஏற்கவில்லை. பின்னர் அமெரிக்காவில் அவ்வழியால் பிறர் பெரும்பொருள் ஈட்டினர்.

இன்று அக்குழாயின் இடத்தில் பின்னிய செம்புவலை உள்ளது. அமெச்சூர் வானொலி அன்பர்கள் சுழலும் ஆண்டெனாவுக்குக் கேபிளைப் பார்த்துத்தான் தேர்கின்றனர். நடுக்கம்பி ஒற்றையாயின், ஓயாது முறுக்குண்டு ஒருநாள் ஒடியும். பல இழைகளாயின் வளைந்து கொடுக்கும். ஆயினும் மெல்லிய கேபிள் நீண்டால் சமிக்ஞையை வழியிலேயே விழுங்கிவிடும். ஆகவே கம்பம் நெடுகத் தடித்த கேபிளையும், சுழலுமிடத்தில் மட்டும் வளையும் சிறு துண்டையும், தளர்வாக ஒரு சுற்று விட்டுப் பொருத்துகின்றனர்.

ஹெவிசைடு 1891-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1922-இல் முதல் ஃபாரடே பதக்கம் பெற்றார். எனினும் அரசு தந்த சிறு உதவித்தொகையிலேயே வாழ்ந்து, 1925 பிப்ரவரி 3-இல் மறைந்தார்.

தோழியரே! காது மந்தமான அந்தச் சிறுவனை அன்று யார் பெரிதாக எண்ணினர்? நம் வகுப்பிலும் அப்படி ஒருத்தி இருக்கலாம். அவளருகே சென்று அமர்வோம்.