கண்ணாடிக்குள் கடலை அமைத்தவர்

வண்ண மீன்கள் நீந்தும் கண்ணாடித் தொட்டியைக் கண்டால் நம் கால்கள் தாமாகவே நின்றுவிடுகின்றன. அதில் பவளமும் கடற்சாமந்தியும் வளர்ந்தால் கேட்கவே வேண்டாம். இன்று பலருடைய வீட்டு வரவேற்பறையில் இத்தகைய கடல்நீர்த் தொட்டிகள் இடம்பெற்றுள்ளன. ஆனால், ஏறத்தாழ நூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன்னர், கடல்வாழ் உயிர்களை வீட்டில் சில நாள்களுக்கு மேல் உயிருடன் வைத்திருப்பது பெரும்பாடாக இருந்தது. நீர் கலங்கி நாற்றம் வீசும், உயிர்கள் மடியும். அந்தச் சிக்கலுக்கு விடை தேடி, தாம் கண்டறிந்ததை எளிய மக்களும் புரிந்துகொள்ளும்படி எழுதியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் பிலிப் ஹென்றி கோஸ்.

கோஸ் 1810ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் தாமஸ் கோஸ், ஊர் ஊராகச் சென்று சிறிய உருவப் படங்கள் வரைந்து விற்கும் ஓவியர். வருமானம் குறைவு. ஆயினும், நுண்ணிய தூரிகையைப் பிடித்து வரையும் திறன் தந்தையிடமிருந்து மகனுக்குக் கிடைத்தது. குடும்பம் பூல் என்னும் துறைமுக ஊரில் குடியேறியது. அங்கு வாழ்ந்த அத்தை சூசன் பெல், கடற்கரையில் காணும் சிற்றுயிர்களின் பெயர்களைச் சிறுவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதற்கேற்ப, அந்த வயதிலேயே கடல் அவரை ஈர்த்துக்கொண்டது.

வறுமையினால் அவரால் நெடுங்காலம் பள்ளியில் பயில இயலவில்லை. பதினைந்தாம் வயதில் ஒரு வணிக நிலையத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1827ஆம் ஆண்டு, பதினேழு வயதில், அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து நியூஃபண்ட்லாந்து தீவுக்குப் பணிக்குச் சென்றார். பகலில் கணக்கு எழுதினார். ஓய்வு நேரத்தில் பூச்சிகளைத் தேடினார். 1832இல் நுண்ணோக்கியைப் பற்றிய பழைய நூல் ஒன்றை வாங்கிப் படித்தார். அதுவே அவருக்கு ஆசிரியராக அமைந்தது. பல்கலைக்கழக வாசலை மிதிக்காமலேயே, பார்ப்பதும் வரைவதும் எழுதுவதுமாக அவர் இயற்கையைக் கற்றார்.

1835இல் கனடாவுக்குச் சென்று நிலம் வாங்கிப் பயிரிட்டார். மூன்று ஆண்டுகள் உழைத்தும் பயனில்லை. 1838இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆசிரியராகப் பணியாற்றினார். அங்கு அடிமைகள் பட்ட துன்பத்தைக் கண்டு மனம் வெதும்பினார். சில மாதங்களிலேயே அந்த வேலையைத் துறந்து, 1839இல் வெறுங்கையுடன் தாயகம் திரும்பினார். எனினும், கனடாவில் தாம் கண்ட செடிகொடிகளையும் உயிரினங்களையும் பற்றி எழுதிய நூல் அடுத்த ஆண்டே வெளிவந்தது. பின்னர் 1844இல் ஜமைக்கா தீவுக்குச் சென்று ஒன்றரை ஆண்டுகள் பறவைகளையும் பிற உயிரினங்களையும் ஆராய்ந்தார். 1848இல் எமிலி போவ்ஸ் என்பவரை மணந்தார். மறு ஆண்டு மகன் எட்மண்ட் பிறந்தான்.

லண்டனில் இரவுபகலாக எழுதியும் நுண்ணோக்கியில் ஆராய்ந்தும் வந்ததால் கோஸின் உடல்நலம் குன்றியது. 1852ஆம் ஆண்டு ஓய்வுக்காக மனைவியுடனும் மகனுடனும் டெவன் கடற்கரைக்குச் சென்றார். ஓய்வெடுக்கப் போனவர் அங்கு ஓய்ந்திருக்கவில்லை. அலை வற்றும் வேளையில் பாறைகளுக்கிடையே தேங்கிய குட்டைகளில் இறங்கினார். பூப்போல் விரியும் கடற்சாமந்திகள், சிறு பவளங்கள், இறால்கள், நண்டுகள் என எத்தனையோ உயிர்கள் அங்குக் குடியிருந்தன. அவற்றை உயிரோடு வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் வாழ்க்கையை அறிய முடியும் என்று அவர் உணர்ந்தார். எனவே, அவற்றைக் கண்ணாடிச் சாடிகளில் இட்டு வளர்க்கத் தொடங்கினார்.

இங்குதான் பழைய சிக்கல் தலைதூக்கியது. நாள்தோறும் கடல்நீரை மாற்றினால் உயிர்கள் வாழும். கடலிலிருந்து தொலைவில் வாழ்பவர் நீருக்கு எங்கே போவார்? நீரை மாற்றாமலேயே அதைத் தூய்மையாக வைத்திருக்க வழி உண்டா?

இந்தக் கேள்வி பிறர் மனத்திலும் எழுந்திருந்தது. அன்னா தின் என்னும் பெண்மணி 1846இல் டார்க்கி கடற்கரையிலிருந்து பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டு சென்றார். கைவசமிருந்த கடல்நீரைச் சன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றி, அதில் காற்றைக் கலக்கச் செய்தார். பின்னர்க் கடற்பாசியையும் சேர்த்து வளர்த்தார். ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர், 1850ஆம் ஆண்டளவில் நன்னீர்த் தொட்டியில் பொன்மீன்களையும் நீர்த்தாவரத்தையும் ஒன்றாக வைத்தார். தாவரத்தின் இலைகள் அழுகி நீர் கலங்கியபோது, அழுகலைத் தின்னும் நத்தைகளை விட்டார். நீர் மீண்டும் தெளிந்தது.

கோஸும் தம் சாடிகளில் இதே உண்மையைக் கண்டார். விலங்குகள் உயிர்வளியை உள்ளிழுத்துக் கரிவளியை வெளியிடுகின்றன. கடற்பாசிகளோ ஒளியின் துணையால் கரிவளியை எடுத்துக்கொண்டு உயிர்வளியை வெளியிடுகின்றன. இரண்டும் தக்க அளவில் இருந்தால் ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாகும். எந்தப் பாசி தொட்டிக்கு ஏற்றது என்பதையும் அவர் சோதித்துப் பார்த்தார். பெரிய பழுப்புநிறப் பாசிகள் விரைவில் அழுகின. பச்சைப் பாசிகளும் சிறிய செந்நிறப் பாசிகளும் நிலைத்தன. பாசியைப் பிடுங்கினால் அது வாடும் என்பதால், சுத்தியலும் உளியும் கொண்டு அது பற்றியிருந்த பாறைத் துண்டோடு பெயர்த்தெடுத்தார். கண்ணாடியில் படரும் பச்சைப் படலத்தை மேய்வதற்குக் கடல் நத்தைகளை விட்டார். இறந்த உயிரை உடனே அகற்ற வேண்டும் என்பதும் அவர் வற்புறுத்திய விதியாகும். ஓர் உடல் அழுகினால் தொட்டி முழுவதும் நஞ்சாகிவிடும்.

1853ஆம் ஆண்டு மே மாதத்தில், லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவிலுள்ள விலங்கியல் தோட்டத்தில் உலகின் முதல் பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. கோஸ் கடற்கரையில் திரட்டிய உயிரினங்களும் அதில் வைக்கப்பட்டன. அதுவரை புத்தகப் படங்களில் மட்டுமே கடலடியைப் பார்த்திருந்த மக்கள் வியப்பில் ஆழ்ந்தனர். மறு ஆண்டு கோஸ் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் அக்குவேரியம். கால்நடைகள் நீர் அருந்தும் இடத்தைக் குறித்த பழைய இலத்தீன் சொல் அது. அவருடைய நூலின் வழியாக அந்தச் சொல்லுக்குப் புதிய பொருள் நிலைத்தது.

கடலில்லாத ஊர்களில் வாழ்வோருக்கும் அவர் வழிகாட்டினார். 1854இல், கடல்நீரைப் பகுத்தாய்ந்த ஒரு வேதியியலாளரின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, செயற்கைக் கடல்நீரைக் கலந்து பார்த்தார். ஏறத்தாழ நூறு கிராம் சமையல் உப்பு, ஏழு கிராம் எப்சம் உப்பு, பதின்மூன்று கிராம் மக்னீசியம் குளோரைடு, மூன்று கிராமுக்கும் குறைவான பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றை நாலரை லிட்டருக்குச் சற்றுக் குறைந்த நீரில் கரைத்தார். அவசரப்பட்டு உயிர்களை அதில் விடவில்லை. முதலில் பாசிகளை மட்டும் இட்டுச் சில நாள்கள் காத்திருந்தார். அவை செழித்த பின்னரே கடற்சாமந்தி முதலியவற்றை இட்டார். அவையும் நலமாக வாழ்ந்தன.

அளவில் மிகச் சிறியவை என்று எண்ணிய வேறு சில பொருள்களைக் கோஸ் தம் கலவையில் சேர்க்கவில்லை. அவற்றுள் கால்சியமும் ஒன்று. பவளம் தன் கல்கூட்டைக் கட்டுவதற்கு, நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொள்கிறது. எனவே, பவளம் வளர்ப்போர் இன்று இவற்றை அடிக்கடி அளந்து, குறைந்த அளவைச் சிறிது சிறிதாக ஈடுசெய்கின்றனர். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பும் 400 மில்லிகிராமுக்குச் சற்று மிகுதியான கால்சியமும் உள்ளன. கால்சியமும் கார்பனேட்டும் குறைந்தால் பவளம் வளராது; இரண்டும் அளவு கடந்தால் நீரில் தங்காமல் வெண்பொடியாகப் படிந்துவிடும். தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை; ஆகவே, குறைந்த அளவுக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும்; உப்புநீரை ஊற்றினால் உவர்ப்பு ஏறிவிடும்.

கோஸின் நூல்கள் இங்கிலாந்தில் பெரும் ஆர்வத்தைத் தூண்டின. கண்ணாடியின் மீதான வரி 1845இல் நீக்கப்பட்டிருந்ததால் அதன் விலை குறைந்திருந்தது. தொடர்வண்டியும் கடற்கரையைப் பக்கத்தில் கொண்டு வந்திருந்தது. வீட்டுக்கு வீடு கடல்நீர்த் தொட்டிகள் தோன்றின. கோஸ் தாமே கடற்கரையில் வகுப்புகள் நடத்தி, பாறைக் குட்டைகளை மக்களுக்குக் காட்டினார்.

புகழ் வளர்ந்த காலத்திலேயே துயரமும் வந்தது. 1856இல் இங்கிலாந்தின் அரச அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் எமிலி புற்றுநோயால் காலமானார். அதே ஆண்டு பூமியின் தோற்றத்தைப் பற்றி அவர் எழுதிய நூலும் எவராலும் ஏற்கப்படவில்லை. மனமுடைந்த கோஸ், எட்டு வயது மகனுடன் டெவன் கடற்கரையில் குடியேறினார். மீண்டும் பாறைக் குட்டைகளை நாடினார். 1860இல், பிரிட்டனின் கடற்சாமந்திகளையும் பவளங்களையும் பற்றிய அவருடைய பெரும் நூல் நிறைவுற்றது. தந்தையிடம் கற்ற தூரிகைத் திறன் அதன் வண்ணப் படங்களில் ஒளிர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் அவர் எலைசா பிரைட்வென் என்பவரை மணந்தார்.

ஆனால், அவரை வருத்திய வேறொன்றும் நடந்தது. அவருடைய நூல்களைப் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்கு வந்தனர். பாறைகளைப் பெயர்த்தனர், கண்ணில் பட்ட உயிர்களையெல்லாம் அள்ளிச் சென்றனர். அவற்றுள் பெரும்பாலானவை பக்குவம் தெரியாதவர்களின் தொட்டிகளில் மடிந்தன. கோஸ் முதன்முதலில் கண்டபோது மலர்த்தோட்டம்போல் விளங்கிய குட்டைகள் வெறுமையாயின. மக்கள் கடலை நேசிக்க வேண்டும் என்றுதான் அவர் எழுதினார். அந்த எழுத்தே கடற்கரை பாழாவதற்கு ஒரு காரணமாயிற்று என்பதை அவர் தம் வாழ்நாளிலேயே உணர்ந்து வருந்தினார். மகன் எட்மண்ட் வளர்ந்து எழுத்தாளராகி, 1907இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்துள்ளார்.

முதுமையில் கோஸ் ஆர்க்கிட் மலர்களை வளர்த்தார்; தொலைநோக்கியால் விண்மீன்களைக் கண்டு மகிழ்ந்தார். 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில் உயிர் நீத்தார்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் மொழி. ஒரு சாடியில் எத்தனை உயிர்கள், எவ்வளவு பாசி, எவ்வளவு உப்பு என்று அளந்து அளந்து கற்றவர் கோஸ். தொட்டிக்கு உள்ள அளவு கடற்கரைக்கும் உண்டு என்பதை அவர் காலத்து மக்கள் அறிந்திருக்கவில்லை. நாம் அறிந்திருக்கிறோம். வீட்டில் ஒரு சிறு கடலை அமைக்க விரும்புவோர், வெளியே உள்ள பெருங்கடலிலிருந்து எதை எடுக்கிறோம், எவ்வளவு எடுக்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கோஸின் வாழ்க்கை நமக்கு விட்டுச் சென்ற பாடம் அது.