இலங்கைக்குத் தோணியேறிய குருவானவர்
அர்ச். யோசேவாஸ் முனிவரின் சரிதை



தூத்துக்குடித் துறைமுகத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நம் பனியன் மூட்டைகள் கப்பலேறிப் பரதேசம் போவது பெரும்பாலும் அத்துறை வழியாகவே. முந்நூறு வருடங்களுக்கு முன் அதே கரையிலிருந்து ஒரு குருவானவர் கூலியாள் வேஷத்தில் தோணியேறினார். அவர் சரிதையை இந்த வாரம் சிந்திப்போம்.

யோசேவாஸ் முனிவர் 1651-ம் வருடம் ஏப்ரல் 21-ந் தேதி கோவா நாட்டிலுள்ள பெனாலிம் கிராமத்தில் பிறந்தார். பக்தியுள்ள குடும்பம். கோவாவில் படித்து 1676-ல் குருப்பட்டம் பெற்றார். மறு வருடமே தம்மைத் தேவமாதாவின் அடிமையாக எழுதி ஒப்புக்கொடுத்தார். 1681 முதல் சில வருடங்கள் கன்னட நாட்டில் மேய்ப்பரில்லாத கிறிஸ்தவர்களிடையே கால்நடையாகத் திரிந்து உழைத்தார். 1685-ல் கோவாவில் அர்ச். பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைப் பின்பற்றிய குருக்கள் கூட்டத்தில் சேர்ந்தார்.

அக்காலத்தில் இலங்கையின் நிலைமை என்ன? போர்த்துக்கீசரைத் துரத்திவிட்டு ஒல்லாந்தர் 1656-ல் கொழும்பையும், 1658-ல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களெல்லாம் வெளியேற்றப்பட்டனர். குரு எவரும் தீவில் கால் வைக்கலாகாது. அவரை மறைத்து வைப்பவருக்கும் கடுந்தண்டனை. இப்படி 29 வருடம் கழிந்தது. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை, பூசையில்லை, சாகிறவனுக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. தாய்மார் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தார்கள். விசுவாசம் வீடுகளுக்குள்ளே ஒளிந்து உயிர் பிழைத்தது.

இந்தச் செய்தியைக் கேட்ட நாள்முதல் வாஸ் சுவாமியாருக்கு மனம் நிலைகொள்ளவில்லை. 1686-ல் மேலதிகாரிகளின் உத்தரவு பெற்று, யோவான் என்ற ஊழியனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கோவாவை விட்டுப் புறப்பட்டார். மலையாளக் கரையோரமாக வந்து தூத்துக்குடி சேர்ந்தார். அந்தத் துறையும் அப்போது ஒல்லாந்தர் வசமே இருந்தது. அங்கியைக் களைந்து, கூலியாளைப் போல அரையில் துணி கட்டி, வெறுங்காலோடு 1687-ல் தோணியேறினார். பூசைக்கு வேண்டிய சாமான்கள் மூட்டைக்குள் மறைந்திருந்தன.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள கடல் அகலத்தில் சிறியது, குணத்தில் பொல்லாதது. இராமேசுவரத் தீவின் கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சுமாரே. ஆனால் பாய்மரத் தோணிக்குக் காற்றே எஜமான். சில நாளில் முடியவேண்டிய பிரயாணம் புயலால் நீண்டது. கொண்டுபோன சோறும் தண்ணீரும் தீர்ந்தன. பசியால் குற்றுயிராய் மன்னாரில் கரையேறி, பின் யாழ்ப்பாணம் சேர்ந்தார்கள். அங்கே சுவாமியாருக்குக் கடுமையான சீதபேதி கண்டது. அன்னிய ஊர், தாம் யாரென்று சொல்லவும் முடியாது. இரக்கமுள்ளவர்கள் ஊற்றிய கஞ்சியால் உயிர் பிழைத்தார்.

உடம்பு தேறியதும் கத்தோலிக்கரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பெரிய செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சைக்குப் போனார். செபமாலையைப் பார்த்ததும் சில முகங்கள் மாறின. அப்படி மெல்ல மெல்ல ஒரு குடும்பத்தைக் கண்டுகொண்டார். அதன்வழி மற்றவர்களை அறிந்தார். சில்லாலை கிராமத்தார் அவரை உயிரைப்போலக் காத்தார்கள். இரவில் பாவசங்கீர்த்தனம், விடியுமுன் பூசை, பகலில் தலைமறைவு என்று நாட்கள் சென்றன. ஒரு கர்த்தர் பிறந்த திருநாள் இரவில் ஒல்லாந்தர் படை வந்து நூற்றுக்கணக்கான விசுவாசிகளைப் பிடித்தது. சுவாமியார் மட்டும் அகப்படவில்லை.

பின்பு புத்தளம் சென்று, 1692-ல் கண்டி இராச்சியத்துள் நுழைந்தார். போர்த்துக்கீசரின் ஒற்றனென்று பிரெஞ்சுக்காரர் ஒருவர் கோள்சொன்னதால் சிறை வாய்த்தது. சிறையிலும் ஓலைக்குடில் கட்டிப் பூசை செய்தார். அதையறிந்து கண்டிக் கிறிஸ்தவர்கள் தேடி வந்தார்கள். பெரும் பஞ்சத்தில் அவர் மன்றாட மழை பெய்ததென்றும், அவர் அமைத்த பீடம் மாத்திரம் நனையவில்லையென்றும் பாரம்பரியம் சொல்லுகிறது. 1697-ல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, உறவினரே நோயாளிகளைக் காட்டில் விட்டு ஓடினார்கள். வாஸ் சுவாமியாரும் அவருடைய மருமகனான கர்வாலோ சுவாமியாரும் அவர்களுக்குக் குடிசை போட்டு, புண் கழுவி, மரித்தவர்களைத் தம் கையாலேயே அடக்கஞ் செய்தார்கள். புத்த மதத்தவரான அரசன் விமலதர்மசூரியனும் அவரை மதித்துச் சுதந்தரமாக நடமாட விட்டான்.

அதன்பின் கோவாவிலிருந்து வேறு குருக்களும் வந்தார்கள். ஒல்லாந்தர் பகுதிகளிலோ வாஸ் சுவாமியார் கடைசிவரை வேஷத்தோடேயே திரிந்தார். தமிழும் சிங்களமும் கற்று, அவரவர் பாஷையிலேயே போதித்தார். சொந்த ஊருக்குத் திரும்பவேயில்லை. 1711-ம் வருடம் சனவரி 16-ந் தேதி, 59-ம் வயதில், கண்டியில் மரித்தார். இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பானவர் 1995-ல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், பிரான்சிஸ் பாப்பானவர் 2015 சனவரி 14-ந் தேதி கொழும்பில் அர்ச்சியசிஷ்ட பட்டமும் அளித்தார்கள்.

அன்பர்களே, இன்றும் இலங்கைக்குக் கப்பல் பிரயாணம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விடப்பட்டது. இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிற்று. வாஸ் சுவாமியாரின் தோணி பல நாள் தத்தளித்தது; இந்தக் கப்பலோ சுமார் நாலு மணி நேரத்தில் கடலைக் கடக்கிறது. கடல் சுருங்கிவிட்டது. மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள தூரம் சுருங்கியதா?

நம் திருப்பூரிலே ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த வாலிபர்கள் எத்தனை பேர்! பாஷை தெரியாமல், லைன் வீட்டில் நாலைந்து பேராய்ச் சமைத்துத் தின்று, ஷிப்டுக்குப் போய் வருகிறார்கள். அவர்களில் சிலர் கழுத்தில் செபமாலை இருக்கிறது. ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யாரும் பேசாததால் மவுனமாய்ப் போய்விடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் செபமாலையைப் பார்த்து ஒரு குடும்பம் கதவைத் திறந்தது. அப்படித் திறந்ததால் ஒரு தீவின் திருச்சபை மறுபடி எழுந்தது.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அப்படி ஒருவரையாவது பெயர் கேட்டு, வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பாதகமில்லை. சோற்றுக்குப் பாஷை வேண்டாம்.

அர்ச். யோசேவாஸ் முனிவர் நமக்காக மன்றாடுவாராக.