நாய்க்குட்டிகள் வழியே நல்லறிவு தந்த சர் எட்வர்ட் மெல்லன்பி

(மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

பெரியோர் வரலாற்றைப் படிப்பதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. சிலர் தேர்வுக்காகப் படிப்பர். சிலர் பொழுதுபோக்காகப் படிப்பர். சர் எட்வர்ட் மெல்லன்பி என்னும் ஆங்கிலேய அறிஞரின் வரலாற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம், எங்கள் வீட்டு நாய்க்குட்டியின் வளைந்த கால்களே.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் என் மாமா இரண்டு மாதம் நிறைந்த இராசபாளையம் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். மணி என்று பெயரிட்டோம். பாலும் தயிர்ச்சோறும் ரசச்சோறும் வயிறு புடைக்க உண்டான். நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்தான். அவன் வளர்ந்த வேகத்தைக் கண்டு எங்களுக்கெல்லாம் பெருமை தாளவில்லை. ஆனால் நான்காம் மாதம் முடிவதற்குள் அவன் முன்னங்கால்கள் இரண்டும் வில்லைப் போல் வளைந்தன. மூட்டுகள் வீங்கின. வாசற்படி ஏறவும் முனகினான். காலை வெயில் பட்டால் எலும்பு உறுதிப்படும் என்று பாட்டி சொல்ல, பதினைந்து நாள் முற்றத்து வெயிலில் கட்டிவைத்தோம். பயன் ஒன்றுமில்லை.

கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். இது ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு மென்மை நோய் என்றும், குறை குட்டியிடத்தில் இல்லை, எங்கள் தட்டில்தான் இருக்கிறது என்றும் கூறினார். மனிதக் குழந்தைகளை வாட்டிய இந்நோயின் காரணமே நாய்க்குட்டிகளை வைத்துத்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்லி, மெல்லன்பியின் பெயரையும் குறிப்பிட்டார். அன்று மாலையே நூலகத்தில் தேடத் தொடங்கினேன். அங்கு நான் அறிந்தவற்றை மாணவத் தோழர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

எட்வர்ட் மெல்லன்பி 1884-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையிலுள்ள வெஸ்ட் ஹார்ட்டில்பூல் நகரில் பிறந்தார். தந்தையார் கப்பல் கட்டும் தொழிலைச் சார்ந்தவர். தமையனார் ஜான் மெல்லன்பியும் பிற்காலத்தில் உடலியல் பேராசிரியராக விளங்கியவர். எட்வர்ட் பார்னார்ட் காஸில் பள்ளியில் பயின்று, பின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இமானுவேல் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் பிரடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ். புரதம், கொழுப்பு, மாவு, உப்பு ஆகியவற்றுக்கு அப்பால், மிகச் சிறிய அளவில் உணவிலுள்ள வேறு சில பொருள்களும் உயிருக்கு இன்றியமையாதவை என்று காட்டி, 1929-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். ஆசானின் இந்த நோக்கு மாணவரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. மெல்லன்பி பின்னர் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் மருத்துவம் பயின்று, 1913 முதல் இலண்டன் கிங்ஸ் மகளிர் கல்லூரியில் உடலியல் கற்பித்தார். 1914-இல் மே ட்வீடி அம்மையாரை மணந்தார். அம்மையாரும் ஆராய்ச்சியாளரே. உணவுக்கும் பல்லின் அமைப்புக்கும் உள்ள தொடர்பை அவர் நாய்க்குட்டிகளைக் கொண்டே ஆராய்ந்து புகழ்பெற்றார்.

நோயும் வாதமும்

அக்காலத்தில் பிரிட்டனின் தொழில் நகரங்களில் ரிக்கெட்ஸ் ஏழைக் குழந்தைகளிடம் பரவலாகக் காணப்பட்டது. கால் வளைந்து, நெஞ்செலும்பு புடைத்து, நடக்கவியலாத குழந்தைகள் தெருத்தெருவாக இருந்தனர். காரணம் யாது என்பதில் அறிஞர்களிடையே பெரும் வாதம் நடந்தது. கிளாஸ்கோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள், நெருக்கடியான வீடுகளில் ஓடியாட இடமின்மையே காரணம் என்றனர். அவர்களும் நாய்க்குட்டிகளை அடைத்து வைத்துச் சோதித்தவர்களே. காற்றும் வெயிலும் இல்லாமையே காரணம் என்றோரும் உண்டு. உணவுக் குறையே என்போரிடம் உறுதியான சான்று இல்லை.

1914-இல் மருத்துவ ஆராய்ச்சிக் குழு இச்சிக்கலை ஆராயும் பணியை மெல்லன்பியிடம் ஒப்படைத்தது. முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் அவர் நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்தார். ஏழைக் குழந்தைகள் உண்டதைப் போன்றே ரொட்டி, தானியக் கஞ்சி, அளவான பால் ஆகியவற்றைக் கொடுத்தார். ஈஸ்டும் ஆரஞ்சுச் சாறும் சேர்த்ததால் பிற உயிர்ச்சத்துக் குறைவு என்ற ஐயத்திற்கு இடமில்லாமற் போயிற்று. குட்டிகளின் கால்கள் வளைந்தன. அதே உணவோடு காட் மீனின் ஈரல் எண்ணெயைச் சேர்த்துக் கொடுத்தபோது குட்டிகள் நேராக வளர்ந்தன. வெண்ணெயும் ஓரளவு காத்தது. ஆளிவிதை எண்ணெய் காக்கவில்லை. ஆகவே எண்ணெய்ப் பசை மட்டும் போதாது, சில கொழுப்புகளில் மட்டுமே உள்ள ஏதோ ஒன்று தேவை என்பது தெளிவாயிற்று. இம்முடிவுகளை அவர் 1918, 1919-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்.

இதில் என்னை உலுக்கிய செய்தி ஒன்றுண்டு. மெலிந்து, வளர்ச்சி குன்றிய குட்டிகளை இந்நோய் அவ்வளவாகத் தாக்கவில்லை. கொழுகொழுவென விரைந்து வளர்ந்த குட்டிகளையே கடுமையாகத் தாக்கியது. எலும்பு நீளும் வேகத்திற்கு அதனை உறுதிப்படுத்தும் சத்து ஈடுகொடுக்காதபோது, உடலின் எடையே காலை வளைத்துவிடுகிறது. எங்கள் மணி வேகமாக வளர்ந்ததைக் கண்டு நாங்கள் மகிழ்ந்தோம் அல்லவா? அந்த வளர்ச்சியே அவனுக்கு வினையாக முடிந்தது.

பிழையும் திருத்தமும்

மெல்லன்பி கண்டதெல்லாம் சரியென்று சொல்வதற்கில்லை. மீன் எண்ணெயிலுள்ள அப்பொருள் வைட்டமின் ஏ ஆகலாம் என்று அவர் கருதினார். அமெரிக்க அறிஞர் மெக்காலம், வைட்டமின் ஏ அழியுமாறு பக்குவப்படுத்திய எண்ணெயும் ரிக்கெட்ஸை நீக்குவதைக் காட்டி, இது வேறொரு பொருள் என 1922-இல் நிறுவினார். அதுவே வைட்டமின் டி. குழந்தைகளின் தோலில் வெயில் படும்போது இச்சத்து உடலிலேயே உண்டாகிறது என்பதும் அதே காலத்தில் தெளிவாயிற்று. வெயிலைச் சொன்னோரும் உணவைச் சொன்னோரும் ஒரே உண்மையின் இரு பக்கங்களைக் கண்டிருந்தனர்.

அப்படியானால் பாட்டியின் வெயில் வைத்தியம் மணிக்கு ஏன் பலிக்கவில்லை? இதற்கு விடை 1990-களில்தான் கிடைத்தது. நாயின் தோல் வெயிலைக் கொண்டு போதிய வைட்டமின் டி ஆக்கும் திறனற்றது என்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். பாட்டி பேரக்குழந்தைகளுக்குச் செய்தது முற்றிலும் சரியே. நாய்க்கோ அச்சத்து உணவு வழியாகவே வந்தாக வேண்டும்.

மெல்லன்பி 1920-இல் ஷெபீல்டு பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியரானார். தானிய உணவு மிகுந்தால் நோய் மிகுகிறது என்பதையும், அதிலும் ஓட்ஸ் கஞ்சி வெள்ளை மாவைவிடக் கேடு மிக்கது என்பதையும் அங்கே விரிவாக ஆராய்ந்தார். தானியத்திலுள்ள பைட்டிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்து, குடல் அதனை ஏற்காமல் தடுக்கிறது என்பது 1939 வாக்கில் அவரது ஆய்வில் வெளிப்பட்டது. இத்தகைய ஆய்வுகளின் பயனாகவே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் ரொட்டி மாவுடன் சுண்ணாம்புச் சத்து சேர்க்கப்பட்டது.

வெளுத்த மாவின் கதை

1933 முதல் 1949 வரை மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் செயலாளராக அவர் பணியாற்றினார். சர் பட்டமும் பெற்றார். இவ்வளவு பெரிய நிருவாகப் பொறுப்பிலும் ஆய்வுக்கூடத்தை அவர் கைவிடவில்லை.

அக்காலத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நாய்களிடம் விந்தையான நோய் ஒன்று காணப்பட்டது. நன்றாக இருந்த நாய் திடீரென மிரண்டு, குரைத்துக்கொண்டு தறிகெட்டு ஓடி, வலிப்புக் கண்டு விழும். பலர் பல காரணம் கூறினர். மெல்லன்பி மறுபடியும் தட்டைப் பார்த்தார். அந்நாளில் கோதுமை மாவை வெளுப்பாக்கவும் பக்குவப்படுத்தவும் நைட்ரஜன் டிரைகுளோரைடு என்னும் வாயுவைச் செலுத்துவது வழக்கம். அவ்வாறு பக்குவப்படுத்திய மாவைத் தின்ற நாய்களுக்கு வலிப்பு வந்தது. வாயு படாத அதே மாவைத் தின்ற நாய்களுக்கு வரவில்லை. இதனை அவர் 1946-இல் வெளியிட்டார். நச்சுப் பொருள் இன்னதென்று 1950-இல் வேறு வேதியியலார் பிரித்தறிந்தனர். மனிதருக்குத் தீங்கு என்று மெய்ப்பிக்கப்படாவிடினும், அம்முறை அமெரிக்காவிலும் பின்னர் பிரிட்டனிலும் கைவிடப்பட்டது. கோடிக்கணக்கான மக்கள் நாள்தோறும் உண்ட ரொட்டியின் மாவையே மாற்றவைத்தது ஒரு நாயின் தட்டு எனின் அது மிகையாகாது.

ஓய்வு பெற்றபின் அவர் நம் நாட்டிற்கும் தொண்டாற்றினார். இலக்னோ நகரின் சத்தர் மன்சில் அரண்மனையில் அமைந்த மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் அவரே. 1951 பிப்ரவரி 17-ஆம் நாள் பிரதமர் நேரு அதனைத் திறந்து வைத்தார். நிலையத்திற்கு அடித்தளமிட்டுத் தாயகம் திரும்பிய மெல்லன்பி, 1955 ஜனவரி 30-ஆம் நாள் மறைந்தார்.

நான் கற்ற பாடம்

இனி மணியின் கதைக்கு வருகிறேன். மருத்துவர் குட்டிகளுக்கான உலர் தீனி வாங்கச் சொன்னார். கடையில் வரிசையாக அடுக்கியிருந்த பைகளைக் கண்டு திகைத்து நின்றேன். எல்லாப் பையிலும் அழகான நாயின் படம். மெல்லன்பியைப் படித்த பிறகுதான் பையின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்துகொண்டேன்.

முதலில் பார்க்க வேண்டியது, அது வளரும் குட்டிக்கான முழு உணவா என்பது. பெரிய நாய்க்கான தீனியும், இடையில் கொடுக்கும் பிஸ்கட்டும் முழு உணவாகா. அடுத்தது புரதம். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் அளவுப்படி, குட்டியின் உணவில் ஈரம் நீக்கிய எடையில் குறைந்தது 22.5 விழுக்காடு புரதமும் 1.2 விழுக்காடு கால்சியமும் இருத்தல் வேண்டும். பையில் அச்சிடுவதோ ஈரத்தோடு சேர்ந்த கணக்கு. 24 விழுக்காடு புரதமும் 10 விழுக்காடு ஈரமும் என்றிருந்தால், 24-ஐ 90-ஆல் வகுத்து நூறால் பெருக்க, உண்மையளவு ஏறத்தாழ 26.7 விழுக்காடு. மேலும், சேர்மானப் பட்டியலில் எடை மிகுந்த பொருளே முதலில் வரும் என்பதால், முதல் இரண்டு மூன்று பெயர்களைப் படித்தாலே தீனியின் தரம் ஓரளவு விளங்கும். தயாரித்த நாளையும் பார்த்தல் நலம். நாட்பட்டால் கொழுப்பு கெட்டு நாறும்.

குறை கேடு என்றால் மிகை நன்று என்று எண்ணிவிடலாகாது. கால்சியம் டானிக்கும் மீன் எண்ணெயும் சேர்த்துக் கொடுத்தால் கால் விரைவில் நிமிரும் என்று அண்டை வீட்டார் சொன்னார்கள். மருத்துவர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். சிறு குட்டியின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தை விலக்கத் தெரியாது. மிகுதியான கால்சியம் கிரேட் டேன் குட்டிகளின் எலும்பைக் கெடுத்ததை 1980-களில் உட்ரெக்ட் ஆய்வாளர்களே காட்டியிருக்கின்றனர். அதனால்தான் வளர்ந்தபின் 32 கிலோவைத் தாண்டும் பேரினக் குட்டிகளுக்குக் கால்சியம் 1.8 விழுக்காட்டிற்கு மேற்படக் கூடாது என வரம்பு வகுத்துள்ளனர். வைட்டமின் டி மிகுந்தாலும் நஞ்சே.

எனவே பழைய சோற்றைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒரு வாரத்தில் புதிய தீனிக்கு மாற்றினோம். பையில் கண்ட அளவை எடை பார்த்து, நாளுக்கு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்தோம். பக்கத்தில் எப்போதும் தண்ணீர் வைத்தோம். வயிறு புடைக்க ஊட்டும் வழக்கத்தை விட்டோம். இரண்டு மாதத்தில் மணி படியேறினான். இன்று தெருமுனை வரை ஓடுகிறான். ஆயினும் வலது முன்னங்காலில் சிறு வளைவு நிலைத்துவிட்டது. அதைக் காணும்போதெல்லாம் என் அறியாமை என்னைச் சுடுகிறது.

முடிவுரை

மற்றொன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. மெல்லன்பியின் கூடத்தில் வளர்ந்த குட்டிகளும் மணியைப் போன்றவையே. அவையும் முனகியிருக்கும், படியேற முடியாமல் தவித்திருக்கும். காரணம் காண்பதற்காகவே அவற்றின் கால்கள் வளைய விடப்பட்டன. இன்று நாம் வாங்கும் பையில் வைட்டமின் டி என்று அச்சிட்டிருக்கும் ஒரு வரிக்கு அந்த வாயில்லாச் சீவன்கள் கொடுத்த விலை அது. அந்த அறிவு நூலகத்தில் நூறாண்டுகளாகக் காத்திருக்க, அதே துன்பத்தை அறியாமையால் என் வீட்டுக் குட்டிக்கும் நான் இழைத்தேன் என்பதே என் வருத்தம்.

தோழர்களே, வீட்டில் ஒரு குட்டியை வளர்க்க எண்ணினால், பெயர் வைக்கும் முன்பே அதன் தட்டில் என்ன வைக்கப்போகிறோம் என்று எண்ணுங்கள். மெல்லன்பி என்னும் அப்பெரியாருக்கும், பெயர் அறியாத அக்குட்டிகளுக்கும் நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவேயாகும்.