மடம் கட்டிய அவிலா திரேசம்மாள்



கிளிநொச்சியில் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் திரேசா என்னும் பெயர் புதியதன்று. அங்குள்ள ஆலயமும் பெண்கள் கல்லூரியும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றன. சிறுமலர் என்று நாம் போற்றும் குழந்தை இயேசுவின் திரேசாவையும், கொல்கத்தா நகரத்து ஏழைகளின் அன்னையான திரேசாவையும் நம் பிள்ளைகள்கூட அறிவர். இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர், 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் அவிலா நகரில் வாழ்ந்த திரேசம்மாள் ஆவார். ஒக்டோபர் 15ஆம் நாளில் அவருடைய திருவிழாவைத் திருச்சபை கொண்டாடுகின்றது.

அவரைச் செபத்தின் ஆசிரியை என்று அறிந்தவர் பலர். தம் வாழ்வின் இறுதி 20 ஆண்டுகளையும் கன்னியர் மடங்களுக்கு வீடு தேடுவதிலும், வேலையாட்களுக்குக் கூலி கொடுப்பதிலும், கடன் தீர்ப்பதிலும், கொடையாளரைச் சந்திப்பதிலுமே அவர் செலவிட்டார் என்பதை அறிந்தவர் சிலரே. ஆலயமோ மடமோ கட்டுவதற்காகப் பணம் திரட்டிய அனுபவமுள்ள எவருக்கும் இப்புனிதையின் வாழ்வில் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

1515ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் வசதியுள்ள குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். 20ஆவது வயதளவில் தந்தையின் விருப்பத்திற்கு மாறாக வீட்டைவிட்டுப் புறப்பட்டு, அவிலா நகரின் மனித அவதார மடத்தில் கார்மேல் சபைக் கன்னியாகச் சேர்ந்தார். பின்னர் மனமிசைந்த தந்தை, மகளுக்குரிய சீதனமாக ஆண்டுதோறும் தானியம், அல்லது 200 டக்கட் பொற்காசுகள் தருவதாக மடத்திற்கு உறுதி எழுதிக் கொடுத்தார். மடத்தில் சேரும் பெண் சீதனத்தோடு வருவதே அக்காலத்து வழக்கம்.

அந்த மடத்தில் ஏறக்குறைய 180 கன்னியர் வாழ்ந்தனர். இறையழைத்தலின் செழிப்பு என்று எண்ணி நாம் மகிழக்கூடும். ஆனால், அத்தனை பேருக்கும் உணவளிக்க மடத்திடம் வருமானம் இருக்கவில்லை. எனவே பலர் மாதக்கணக்கில் உறவினர் வீடுகளிலும் கொடையாளர் வீடுகளிலும் தங்கியிருக்க நேர்ந்தது. திரேசம்மாளும் அவ்வாறு நகரத்துப் பெருமாட்டி ஒருவரின் இல்லத்தில் நெடுநாள் தங்கியவரே. மேலும், வெளியுலகின் ஏற்றத்தாழ்வுகள் மடத்தின் மதிலைத் தாண்டி உள்ளேயும் வந்திருந்தன. செல்வக் குடும்பத்துக் கன்னியருக்குத் தனி அறைகள் இருந்தன. திரேசம்மாளுக்கும் அவ்வாறான இருப்பிடம் கிடைத்தது. ஏழைக் கன்னியரோ பொதுக்கூடத்தில் உறங்கினர். ஒரே ஆண்டவருக்குத் தம்மை அர்ப்பணித்தவர்களிடையே நிலவிய இவ்வேறுபாடு அவருடைய உள்ளத்தை உறுத்தத் தொடங்கியது.

மடத்தைப் பெரிதாக்கினால் குறை தீர்ந்துவிடும் என்று வேறொருவர் எண்ணியிருப்பார். திரேசம்மாள் எதிர்த்திசையிற் சிந்தித்தார். தலைவியோடு சேர்த்து 13 பேர் மாத்திரம் வாழும் சிறு மடம் ஒன்றை அமைக்க அவர் விரும்பினார். அங்கே பட்டப்பெயர்களுக்கு இடமில்லை. நூல் நூற்றலும் கைவேலையும் கொடையுமே வருவாய். செய்த வேலைக்கு விலை பேசாமல், கொடுப்பதை நன்றியோடு பெற்றுக்கொள்ளவேண்டும் என்று பின்னர் சபை விதியிலும் எழுதிவைத்தார். பின்னாளில் சில மடங்களுக்கு 21 பேர் வரை அனுமதித்தாரெனினும், அதற்கு மேற் செல்ல அவர் விரும்பவில்லை. குடும்பம் பெருகினால் புதிய வீடு காணவேண்டுமேயன்றி, ஒருவரையொருவர் அறியாத பெருங்கூட்டமாக மாறிவிடக்கூடாது என்பதே அவர் கருத்து.

சிறு மடத்திற்கும் பணம் வேண்டும் அல்லவா? எதிர்ப்பு எழும் என்பதை உணர்ந்து, திரேசம்மாளின் தங்கையும் அவருடைய கணவரும் தங்கள் குடும்பத்திற்கு வாங்குவதுபோல ஒரு வீட்டை இரகசியமாக வாங்கினர். வேலை தொடங்கியது, ஆனால் கூலி கொடுக்க வழியில்லை. அஞ்சாமல் வேலையாட்களை அமர்த்துமாறும் பணம் வந்து சேருமென்றும் புனித சூசையப்பர் தமக்கு உணர்த்தியதாகத் திரேசம்மாள் பின்னர் எழுதினார். எதிர்பாராத வழியில் பணமும் வந்தது. கடல் கடந்து தென் அமெரிக்காவின் கித்தோ நகரிற் குடியேறியிருந்த அவருடைய சகோதரர் லொரென்சோ, 200 டக்கட்டுக்கும் மேற்பட்ட தொகையைத் தமக்கையாருக்கு அனுப்பியிருந்தார். 1561ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அதற்கு நன்றி கூறித் திரேசம்மாள் வரைந்த நீண்ட கடிதம் இன்றும் உள்ளது.

வன்னியில் வாழும் நமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்து, மீள்குடியேறி, கூரையிழந்த ஆலயங்களை நாம் திரும்ப எழுப்பியபோது, கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் உடன்பிறப்புகள் அனுப்பிய பணம் எத்தனை சுவர்களில் கலந்திருக்கிறது! அந்நிய நாட்டிற் பனியிலும் குளிரிலும் உழைத்தவர்களின் வியர்வை அது. லொரென்சோவின் கொடையும் அத்தகைய உறவின் கொடையே.

1562ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் நாள், நான்கு கன்னியரோடு புனித சூசையப்பர் மடம் திறக்கப்பட்டது. நகரமோ கொதித்தெழுந்தது. நிரந்தர வருமானம் இல்லாத மடம் ஊருக்குப் பாரமாகிவிடும் என்று நகரசபையினர் அஞ்சி, அதனை மூடிவிட முயன்றனர். வழக்கு அரச மன்றம் வரை சென்றது. திரேசம்மாள் பழைய மடத்திற்குத் திருப்பி அழைக்கப்பட்டார். சில மாதங்களின் பின்னரே தம் புதிய மடத்திற்குத் திரும்பி வர அவருக்கு அனுமதி கிடைத்தது.

மடத்தின் 13 இடங்களும் விரைவில் நிரம்பின. வாயிலில் காத்து நின்றோர் பலர். அவ்வாறு இடம் கிடைக்காத இளம்பெண் ஒருத்தி, தன்னிடமிருந்த சிறு தொகையைக் கொடுத்து, வேறோர் ஊரில் மடம் தொடங்குமாறு வேண்டினாள். வீடு வாங்க அது போதாது. வாடகைக்கு எடுக்கவே போதும். அந்தச் சிறு தொகையோடு 1567ஆம் ஆண்டு, தமது 52ஆவது வயதில், மெதினா தெல் கம்போ என்னும் சந்தை நகருக்குத் திரேசம்மாள் புறப்பட்டார். அங்கே கிடைத்த வீட்டின் சுவர்கள் இடிந்து கிடந்தன. இரவோடிரவாகக் குப்பையை அகற்றி, துணித் திரைகளால் மறைத்து, தேவமாதாவின் விண்ணேற்புத் திருவிழாவான ஓகஸ்ட் 15ஆம் நாள் அதிகாலையில் அங்கே திருப்பலி நிறைவேறச் செய்தார். பின்னர் வணிகர் ஒருவர் தமது வீட்டின் மேல்மாடியைக் கொடுக்க, பழுதுபார்க்கும் வேலை முடியும் வரை கன்னியர் அங்கே தங்கினர்.

1569ஆம் ஆண்டில் தொலேதோ நகருக்குச் சென்றபோது அவர் கையில் மூன்று, நான்கு டக்கட் காசுகளே இருந்தன. அவற்றைக் கொண்டு பீடத்திற்கு இரு திருவுருவப் படங்களையும், படுப்பதற்கு வைக்கோல் மெத்தைகளையும் போர்வை ஒன்றையும் வாங்கினார். ஏழை மாணவன் ஒருவன் நகரெங்கும் அலைந்து அவருக்கு வீடு தேடிக் கொடுத்தான். அந்நகரில் இறந்துபோன வணிகர் ஒருவரின் குடும்பத்தார் பின்னர் பெருந்தொகை கொடுக்க முன்வந்தபோது, உயர்குடியினர் குறுக்கே வந்தனர். ஆலயத்தின் முதன்மைப் பீடத்தருகே கல்லறை அமைக்கும் உரிமை குலப்பெருமை இல்லாத வணிகக் குடும்பத்திற்குப் போகலாகாது என்று வாதிட்டனர். இறைவனின் தீர்ப்பு நாளில் குலமும் கோத்திரமும் எதற்கும் உதவாது என்பதை ஆண்டவர் தமக்கு உணர்த்தினார் என்று எழுதிய திரேசம்மாள், அவ்வுரிமையை வணிகக் குடும்பத்திற்கே வழங்கினார்.

இதன் ஆழம் 20ஆம் நூற்றாண்டில் வெளிவந்த ஆவணங்களாற்றான் உலகுக்குத் தெரிந்தது. திரேசம்மாளின் பாட்டனார் அதே தொலேதோ நகரில் துணி வணிகராயிருந்தவர்; யூத மரபிலிருந்து வந்த கிறிஸ்தவர். 1485ஆம் ஆண்டில் திருச்சபையின் விசாரணை மன்றத்தால் பகிரங்கத் தண்டனைக்கு உட்படுத்தப்பட்டவர். பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் சமூகத்தின் கொடுமை அக்குடும்பத்தின் மீதே ஒருமுறை விழுந்திருந்தது.

1569ஆம் ஆண்டிலேயே பஸ்திரானா என்னும் ஊரில், எபோலி இளவரசியின் ஆதரவோடு ஒரு மடம் எழுந்தது. 1573ஆம் ஆண்டு கணவர் இறந்ததும் இளவரசி தாமே கன்னியாகப் போவதாகக் கூறி அம்மடத்திற்குள் வந்தார். பணிப்பெண்களோடு வந்தவர், துறவியாக வாழாமல் இளவரசியாகவே வாழ விரும்பினார். கன்னியர் இணங்காதபோது கொடையை நிறுத்தினார். திரேசம்மாள் என்ன செய்தார் தெரியுமா? இளவரசி கொடுத்த பொருட்கள் அனைத்தையும் கணக்கெழுதி ஒப்படைக்கச் செய்து, 1574ஆம் ஆண்டில் கன்னியர் எல்லோரையும் இரவிலே அங்கிருந்து வெளியேற்றி, செகோவியா நகரின் புதிய மடத்திற்கு அழைத்துக்கொண்டார். கட்டிய மடத்தை இழக்க அவர் தயங்கவில்லை. கொடுத்தவரே மடத்தை ஆளத் தொடங்கினால் அது இறைவனின் இல்லமாக நிலைக்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

கொடையாளருக்கு அவர் நன்றி மறந்தவருமல்லர். 1575ஆம் ஆண்டில் செவில் நகரில் பணமின்றித் தவித்தபோது, தென் அமெரிக்காவிலிருந்து நாடு திரும்பிய லொரென்சோ மீண்டும் கைகொடுத்தார். மடத்திற்கு வீடு வாங்குவதில் பிணை நின்றதால், சிறைக்கு அஞ்சி மறைந்திருக்கும் நிலையும் அவருக்கு ஏற்பட்டது. 1582ஆம் ஆண்டில் பூர்கோஸ் நகரில் பிள்ளைகளையுடைய விதவைத் தாய் ஒருவர் தம் உடைமைகளை மடத்திற்கு எழுதிக் கொடுத்தார். அக்கொடையால் அத்தாய்க்கு வழக்கும் வருத்தமும் நேரும் என்று கண்ட திரேசம்மாள், யாருக்கும் தெரியாமல் அவ்வுரிமையைத் துறந்து, பத்திரங்களை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் செய்தார். அது அவர் தொடங்கிவைத்த கடைசி மடம். அங்கிருந்து திரும்பும் வழியில், அல்பா தெ தோர்மெஸ் என்னுமிடத்தில், 1582ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் நாள் தமது 67ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார். அவ்விரவிலேயே நாட்காட்டி திருத்தப்பட்டதால் மறுநாள் ஒக்டோபர் 15 ஆயிற்று. அவருடைய முயற்சியால் எழுந்த கன்னியர் மடங்கள் 17. 1622ஆம் ஆண்டில் புனிதையாகவும், 1970ஆம் ஆண்டில் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அவர் உயர்த்தப்பட்டார்.

அன்புக்குரியவர்களே, பணம் திரட்டுவது செபத்திற்குப் புறம்பான வேலை என்று இப்புனிதை கருதவில்லை. அவருடைய கடிதங்களில் ஆன்மீக அறிவுரையும் வரவுசெலவுக் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆயினும், பணத்திற்கு ஓர் எல்லைக்கோட்டை அவர் கீறிவைத்தார். மடத்தில் யாருக்கு இடமுண்டு என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைப் பணத்திற்கு அவர் ஒருநாளும் கொடுத்ததில்லை. உண்மையான இறையழைத்தல் உள்ள பெண்ணைச் சீதனம் இல்லையென்ற காரணத்துக்காக அவர் திருப்பி அனுப்பியதுமில்லை.

துறவு மடங்களுக்கு மட்டும் உரிய பாடமா இது? நமது மண்ணிலும் 1928ஆம் ஆண்டு தோலகட்டியில் தோமஸ் அடிகளார் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கியபோது, செபத்தையும் உழைப்பையுமே அதன் அடித்தளமாக வைத்தார். செபமும் உழைப்பும் கொண்டு எழும் இல்லம் எல்லோருக்கும் உரியது. ஆனால், நம் ஆலயங்களின் சுவர்களைச் சற்று உற்று நோக்குவோம். கொடையாளர் பெயர் பொறித்த கற்கள் அங்கே இருக்கின்றன. நன்றி கூறுவது நல்லதே. கல்லிற் பெயர் பொறிக்கப்படாதவர்களும் அந்த ஆலயத்தில் அதே உரிமையோடு அமர்கின்றார்களா? யுத்தத்திற் கணவனை இழந்து, கூலி வேலை செய்து, காணிக்கைத் தட்டில் ஒரு நாணயம் இடும் தாய்க்குப் பங்குச் சபைக் கூட்டத்தில் குரல் உண்டா? குலத்தையும் சாதியையும் கேட்டுத் திருவிழாப் பொறுப்புகள் பகிரப்படும் இடம் எங்கேனும் உண்டா? வெளிநாட்டில் உழைப்பவரிடம் உதவி கேட்கும்போது, அவருடைய பிள்ளைகளின் தேவையையும் கடனையும் நாம் நினைத்துப் பார்க்கின்றோமா?

இக்கேள்விகளோடு ஒக்டோபர் மாதத் திருவிழாவிற்கு நம்மை ஆயத்தம் செய்வோம். உலக முடிவில் இடிந்து விழும்போது பேரோசை எழுப்பும் மாளிகைகள் தம் கன்னியருக்கு வேண்டாம் என்று விரும்பியவர் திரேசம்மாள். நாம் கட்டும் ஆலயம் சிறியதாயினும், அதன் வாயிலில் நிற்கும் ஏழை ஒருவரும் திரும்பிப் போகாத இல்லமாக அது விளங்க, அவிலா நகர்ப் புனித திரேசம்மாள் நமக்காக இறைவனிடம் பரிந்து பேசுவாராக. ஆமென்.