ஐயங்களுக்கு நடுவே எழுந்த ‘மருத்’: விமானப் பொறியாளர் குர்ட் டாங்கின் வாழ்க்கைப் பயணம்

பெங்களூரு: சிறிய பயிற்சி விமானத்தைத் தாண்டி எதையும் பெரிதாக வடிவமைத்திராத ஒரு நாட்டால், ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பறக்கும் போர் விமானத்தை உருவாக்க முடியுமா? 1950-களின் பிற்பகுதியில் இந்தியா இம்முயற்சியில் இறங்கியபோது, வெளிநாட்டு விமானத் துறையினர் பலர் முடியாது என்றே கருதினர். அந்த ஐயத்துக்கு நடுவே, பெங்களூருவில் இத்திட்டத்தைத் தலைமையேற்று நடத்தியவர் ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க். அவர் உருவாக்கிய எச்.எஃப்.-24 ‘மருத்’, இந்தியாவில் வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் ஜெட் போர் விமானமாகும்.

இளமையும் முதல் வெற்றிகளும்

1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி, அன்று ஜெர்மனியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த புரோம்பெர்க் நகரில் குர்ட் டாங்க் பிறந்தார். இந்நகரம் தற்போது பிட்கோஷ்ச் என்ற பெயரில் போலந்தில் உள்ளது. முதல் உலகப் போரில் குதிரைப்படையில் பணியாற்றிய அவர், போருக்குப் பின் பெர்லினில் பொறியியல் பயின்றார். 1930-களின் தொடக்கத்தில் பிரேமன் நகரின் ஃபோக்கே-வுல்ஃப் நிறுவனத்தில் சேர்ந்து, அதன் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைமையேற்றார். தாம் வரைந்த விமானங்களைத் தாமே ஓட்டிச் சோதிப்பது அவருடைய வழக்கமாக இருந்தது.

அவர் வடிவமைத்த எஃப்.டபிள்யூ.-200 காண்டோர் பயணிகள் விமானம், 1938 ஆகஸ்ட் மாதம் பெர்லினிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் நிற்காமல் சுமார் 25 மணி நேரத்தில் பறந்து சாதனை படைத்தது. எஃப்.டபிள்யூ.-190 போர் விமானத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த எஞ்சின் தொடக்கத்தில் பலரின் ஐயத்துக்கு உள்ளானது. நீரால் குளிர்விக்கப்படும் ஒடுங்கிய எஞ்சினே வேகத்துக்கு ஏற்றது என்று ஐரோப்பிய வடிவமைப்பாளர்கள் பெரும்பாலோர் கருதிய காலம் அது. டாங்க் காற்றால் குளிர்விக்கப்படும் அகன்ற எஞ்சினைப் பொருத்தினார். 1939 ஜூன் மாதம் முதன்முதலாகப் பறந்த இவ்வகை விமானம், பின்னர் ஏறத்தாழ 20,000 என்ற எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது. அவருடைய இந்தத் திறமை ஹிட்லர் ஆட்சியின் போர்முனைகளுக்கே பயன்பட்டது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

அர்ஜென்டினாவில் கிடைத்த பாடம்

போரில் தோற்ற ஜெர்மனியில் விமானத் தயாரிப்புக்குத் தடை விதிக்கப்பட்டதையடுத்து, டாங்க் 1947-இல் வேறொரு பெயரில் அர்ஜென்டினா சென்றார். அங்கு அதிபர் பெரோன் ஆதரவுடன், கோர்டோபா நகரில் ‘புல்கி-2’ ஜெட் போர் விமானத்தை உருவாக்கினார். 1950-இல் முதன்முதலாகப் பறந்த அந்த விமானம், உயிரிழப்பை ஏற்படுத்திய விபத்துகளைச் சந்தித்தது. 1955-இல் பெரோன் ஆட்சி கவிழ்ந்ததும் திட்டத்தின் ஆதரவும் போயிற்று. மொத்தம் ஐந்து விமானங்களே கட்டப்பட்டன. அரசின் மனம் மாறினால் எவ்வளவு சிறந்த வடிவமைப்பும் நின்றுவிடும் என்பதை டாங்க் அங்கே நேரில் கண்டார்.

பெங்களூருவில் புதிய தொடக்கம்

இந்நிலையில், பிரதமர் நேரு தலைமையிலான அரசின் அழைப்பை ஏற்று 1956-இல் தம் குழுவினருடன் பெங்களூரு வந்தார் டாங்க். இந்திய விமானப்படையின் எதிர்பார்ப்பு மிக உயர்ந்ததாக இருந்தது. 60,000 அடி உயரத்தில் எதிரி விமானத்தை மறிக்கவும், தாழப் பறந்து தரை இலக்குகளைத் தாக்கவும் ஒரே விமானம் வேண்டும். அதன் வேகம் ஒலியைப் போல் இரு மடங்கு இருக்க வேண்டும் என்பதே அது.

ஆனால், 1940-இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் விமான நிறுவனத்திடம் அப்போது இருந்த பெருமைக்குரிய படைப்பு, வி.எம். கட்கே தலைமையில் உருவாகி 1951-இல் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானம். வடிவமைப்புப் பிரிவில் இருந்தவர்களோ ஏறத்தாழ 50 பேர். மாதிரி விமானம் கட்டத் தனிக் கொட்டகையோ, கட்டமைப்பின் வலிமையைச் சோதிக்கும் கருவிகளோ இல்லை. எனவே, திட்டத்தைக் குறித்த ஐயம் அடிப்படையற்றது அன்று.

டாங்க் படிப்படியாக முன்னேறினார். முதலில், விமானத்தின் முழு அளவில் மரத்தாலான, எஞ்சின் இல்லாத மிதவை விமானம் ஒன்று செய்யப்பட்டது. 1959-இல் டக்கோட்டா விமானம் அதனை வானத்துக்கு இழுத்துச் சென்று விடுவித்தது. எழுபதுக்கும் மேற்பட்ட முறை பறந்த அந்த மர விமானம், வடிவத்தின் குறைநிறைகளைக் குறைந்த செலவில் காட்டிக்கொடுத்தது. அதே வேளையில், இளம் இந்தியப் பொறியாளர்கள் ஜெர்மானியர்களுடன் இணைந்து தொழில் கற்றனர்.

இதனையடுத்து, 1961 ஜூன் 17-ஆம் தேதி விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் முதல் மாதிரி விமானத்தைப் பெங்களூருவில் பறக்கவிட்டார். ஒரு வாரம் கழித்து, அப்போதைய பாதுகாப்பு அமைச்சரும் பின்னாளில் திருவனந்தபுரம் மக்களவை உறுப்பினராக இருந்தவருமான வி.கே. கிருஷ்ண மேனன் முன்னிலையில் அது அதிகாரப்பூர்வமாகப் பறந்தது. காற்றின் தேவர்களைக் குறிக்கும் ‘மருத்’ என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. காற்றைக் குறிக்கத் தமிழில் வழங்கும் ‘மாருதம்’ என்ற சொல்லுக்கும் இதுவே வேர் என்பது குறிப்பிடத்தக்கது.

எஞ்சின் என்ற முட்டுக்கட்டை

விமானம் பறந்தது, எதிர்பார்த்த வேகத்தில் பறக்கவில்லை. டாங்க் மனத்தில் கொண்டிருந்தது, பிரிட்டனில் உருவாகிவந்த ஆற்றல்மிக்க ஆர்ஃபியஸ்-12 எஞ்சின். பிரிட்டனுக்கு அதன் தேவை இல்லாமல் போனதால், மேம்பாட்டுச் செலவை இந்தியா ஏற்க வேண்டிய நிலை வந்தது. இந்தியா அதற்கு உடன்படவில்லை. எனவே, ஆற்றல் குறைந்த ஆர்ஃபியஸ்-703 எஞ்சின்கள் இரண்டைக் கொண்டே ‘மருத்’ பறக்க நேர்ந்தது. இரு மடங்கு வேகத்துக்காக வரையப்பட்ட விமானம், ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது.

மாற்று எஞ்சினுக்காகப் பல வழிகள் தேடப்பட்டன. எகிப்து உருவாக்கிவந்த இ-300 எஞ்சின் ‘மருத்’ விமானம் ஒன்றில் பொருத்திச் சோதிக்கப்பட்டது. அந்த ஒத்துழைப்பு 1969-இல் முடிவுக்கு வந்தது. ஆர்ஃபியஸ் எஞ்சினின் உந்துவிசையைக் கூட்டும் முயற்சியில் ஈடுபட்டிருந்த சுரஞ்சன் தாஸ், 1970 ஜனவரி 10-ஆம் தேதி சோதனை விமானம் விழுந்து நொறுங்கியதில் உயிரிழந்தார். பெங்களூருவில் ஒரு சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இதற்கிடையே, 1962-இல் சோவியத் ஒன்றியத்துடன் மிக்-21 விமானங்களுக்கு உடன்பாடு ஏற்பட்டதால், உயர்வேக விமானத்தின் தேவையும் வேறு வழியில் நிறைவேறத் தொடங்கியிருந்தது.

போரில் கிடைத்த மதிப்பெண்

1967-இல் ‘மருத்’ விமானப்படை அணியில் சேர்ந்த அதே ஆண்டில், டாங்க் இந்தியாவைவிட்டு வெளியேறினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த 1971 போரில், ராஜஸ்தான் பாலைவனப் பகுதியில் ‘மருத்’ தரைத் தாக்குதலில் ஈடுபடுத்தப்பட்டது. தரையிலிருந்து சுடப்பட்டுச் சில விமானங்கள் இழக்கப்பட்டாலும், வான்சண்டையில் ஒன்றுகூட வீழ்த்தப்படவில்லை. ஓர் எஞ்சின் சேதமடைந்த நிலையிலும் மற்றொன்றின் துணையுடன் விமானங்கள் தளம் திரும்பின. ‘மருத்’ விமானிகள் மூவர் வீர் சக்ரா விருது பெற்றனர்.

மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. மேம்படுத்தப்பட்ட வடிவங்களுக்கான முன்மொழிவுகள் ஏற்கப்படாத நிலையில், 1980-களில் ‘மருத்’ படிப்படியாக ஓய்வுபெற்றது.

யார் கூறியது சரி?

வேகத்தைப் பொறுத்தவரை, ஐயப்பட்டவர்கள் கூறியதே நடந்தது. அதே வேளையில், இந்தியாவால் ஜெட் போர் விமானத்தை வடிவமைக்கவே இயலாது என்ற அவர்களின் கணிப்பு பொய்த்தது. உடலமைப்பு சிறந்து விளங்க, எஞ்சின் பிறர் கையில் இருந்ததே குறையாயிற்று. ‘மருத்’ ஓய்வுபெற்ற பின், அங்கு வளர்ந்த திறமைக்குத் தொடர்ச்சியான திட்டம் இல்லாமல் போனது மற்றொரு இழப்பு. அடுத்த உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸ், முதல் ‘மருத்’ பறந்து ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின், 2001 ஜனவரி 4-ஆம் தேதிதான் பறந்தது. அதுவும் அமெரிக்க எஞ்சினைக் கொண்டே பறக்கிறது.

தாயகம் திரும்பிய டாங்க், விமான நிறுவனத்தின் ஆலோசகராகப் பணியாற்றி, 1983 ஜூன் 5-ஆம் தேதி மியூனிக் நகரில் தமது 85-ஆவது வயதில் காலமானார். அந்நகருக்கு அருகே ஷ்லைஸ்ஹைமில் உள்ள ஜெர்மன் அருங்காட்சியகத்தின் விமானப் பிரிவிலும், பெங்களூருவில் உள்ள ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் பாரம்பரிய அருங்காட்சியகத்திலும் ‘மருத்’ விமானங்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன.